கருங்கவசம்

அச்சம் எங்கே பிறக்கிறது? ஆளிடமா, ஆடையிடமா?

அரியணையில் அமர்ந்திருப்பவனை இறக்கி, முடியைக் கழற்றி, பட்டாடையைக் களைந்து, நாலு முழ வேட்டியைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பிப் பாருங்கள். கத்திரிக்காய் விற்பவள்கூட அவனிடம் காசுக்குக் காசு கணக்குப் பார்ப்பாள். ஊரை நடுங்க வைக்கும் சாமியாடியின் கையிலுள்ள சாட்டையை வாங்கி மூலையில் சாத்திவிட்டு, நெற்றியைத் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். அடுத்த தெரு மனிதர், அப்பாவியாக நிற்பார். அச்சத்தில் பாதியை நெய்பவன் நெசவாளி. மறுபாதியைத் தைப்பவன் தையற்காரன். அணிந்தவனுக்கு அதில் உள்ள பங்கு மிகச் சிறிது.

இதனை ஏட்டில் எழுதலாம், மேடையில் முழங்கலாம். பத்து வயதுப் பெண்ணுக்கு எப்படி விளங்க வைப்பது? அச்சமூட்டும் ஆடையொன்றை அவள் கையாலேயே செய்யவைப்பதுதான் வழி. சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் நம் இல்லத்தில் நடந்தது அதுவே.

குழந்தைகள் நாளன்று பள்ளியில் மாறுவேடப் போட்டி. பெண்களுக்கென ஒரு பட்டியல் வந்தது: பாரதமாதா, ஆண்டாள், ராதை. பட்டியலைப் படித்து முடித்த நம் மகள், அதை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வேண்டாம்ப்பா. நான் டார்த் வேடரா போறேன்" என்றாள்.

கொடியவன் வேடம்! அதுவும் பெண் குழந்தைக்கு! கேட்டவர் முகம் சுளித்தனர். நாம் சுளிக்கவில்லை. ஏனெனில் அந்த விருப்பத்தின் வேர் எங்கே இருக்கிறதென்பது நமக்குத் தெரியும்.

அதற்கு முந்திய ஆண்டு விழாவில் ஒரு நாடகம். அரசி ஒருத்தி, தோழியர் நால்வர், அரக்கி ஒருத்தி. அரக்கி வேடம் நம் மகளுக்கு வந்தது. நன்றாக நடிப்பாள் என்பதற்காக அன்று. "இவளுக்கு மை பூசுகிற வேலை மிச்சம்" என்று ஆசிரியை ஒருவர் சொல்லிச் சிரிக்க, கூட இருந்தோரும் சிரித்திருக்கின்றனர். குழந்தை வீட்டுக்கு வந்து அழவில்லை. எவரையும் குறை கூறவில்லை. ஒரு வாரம், நாளொன்றுக்கு நான்கு முறை, பயற்றம்மாவு போட்டு முகம் கழுவினாள். ஏன் என்று நாம் கேட்டபோது, "சும்மாதான்" என்றாள். அந்தச் "சும்மா"வின் எடையைத் தாங்கும் தராசு எந்தக் கடையிலும் இல்லை.

இப்போது அவளே தேடிப் பிடித்திருக்கும் வேடத்துக்குக் காரணம் கேட்டோம். தயக்கமின்றிச் சொன்னாள்: "அந்த டிரஸ்ஸுக்குள்ள இருக்கறவங்க என்ன கலர்னு யாருக்கும் தெரியாதில்லப்பா?"

அதற்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம்.

டார்த் வேடரை அறியாதாருக்கு ஒரு சொல். 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்தது ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்'. விண்வெளியில் ஒரு பேரரசு. அதை எதிர்த்துக் கிளம்பும் புரட்சிக் கூட்டம். அக்கூட்டத்தை நசுக்கப் பேரரசு ஏவிவிடும் கரிய உருவம். அவ்வுருவமே வேடர். முகம் இல்லை, முகமூடி உண்டு. விழி இல்லை, கண்ணாடி உண்டு. சிரிப்பு இல்லை, சினம் இல்லை. ஏறி இறங்கும் இயந்திர மூச்சு மட்டும் உண்டு. அந்த மூச்சு கேட்கும்போதெல்லாம் விரலிடுக்கு வழியாகப் படம் பார்த்தவள்தான் நம் மகள்.

பெயரைக் கேட்டதும் நம் அன்னையார், "வேடரா? நம்ம கண்ணப்ப நாயனாரா? ரொம்ப நல்லது தாயி, போடு போடு" என்று வாழ்த்தி விட்டார். வந்த வாழ்த்தைத் திருப்பிக் கொடுப்பானேன் என்று பேத்தியும் பேசாதிருந்தாள். படத்தைக் காட்டிய பிறகுதான் பாட்டியின் முகம் மாறியது. "கண்ணு, இது என்ன, எமனுக்கு ஹெல்மெட் மாட்டின மாதிரி இருக்கு!"

இவ்வுருவம் பிறந்த கதையை மகளுக்கு எடுத்துரைத்தோம். வானத்திலிருந்து இறங்கியதன்று; பாதாளத்திலிருந்து ஏறியதுமன்று. மனிதர் உட்கார்ந்து, எண்ணி, வரைந்து, வெட்டி, ஒட்டிச் செய்தது. ரால்ஃப் மெக்குவாரி என்னும் ஓவியர் அதனை முதலில் வரைந்தார். கப்பல்விட்டுக் கப்பல் தாவ, காற்றே இல்லாத வெளியைக் கடந்து வருபவன் எப்படி மூச்சுவிடுவான் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. விடையாக ஒரு மூச்சுக் கவசத்தை வரைந்தார். பாருங்கள், உலகத்தை அச்சுறுத்திய முகம் ஓர் அறிவார்ந்த கேள்வியிலிருந்து பிறந்திருக்கிறது! சப்பானியச் சாமுராய் வீரர்களின் கவசமும் அந்த வடிவத்துக்குத் துணை நின்றது.

ஓவியத்தை உடையாக்கும் பணி ஜான் மொல்லோ என்னும் ஆங்கிலேயரைச் சேர்ந்தது. அவர் படைவீரர் சீருடைகளின் வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். திரைப்படங்களுக்கு உடை வாடகைக்குத் தரும் கிடங்கிற்குச் சென்றார். கைக்குக் கிடைத்ததைக் கொண்டு முதல் மாதிரியை ஒப்பேற்றினார். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கருந்தோல் உடை. நாஜிப் படையினரின் தலைக்கவசம். நச்சுப்புகைக்கு அணியும் முகமூடி. இடைக்காலத் துறவியின் நீண்ட அங்கி. பிறகு பிரையன் மூர் என்னும் சிற்பி களிமண்ணில் முகத்தைச் செதுக்க, உருவம் முழுமை பெற்றது.

அந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். தலையைத் தந்தது போர்க்களம். முகத்தைத் தந்தது நச்சுப்புகை. தோளைத் தந்தது மடாலயம். மனிதன் மனிதனை அடக்குவதற்கு எவற்றையெல்லாம் அணிந்து வந்தானோ, அவற்றுள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும் கொடியவன் எழுந்து நின்றுவிட்டான்! புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கிடங்கிலேயே இருந்தது கொடுமை.

அதே மொல்லோ இந்த உடைகளுக்காக 1978-இல் ஆஸ்கார் விருது பெற்றார். 1983-இல் மீண்டும் பெற்றார். எதற்கு? 'காந்தி' படத்தின் உடைகளுக்கு! நம் நாட்டின் பானு அதையாவும் அவரும் அவ்விருதைப் பகிர்ந்து கொண்டனர். ஆஸ்கார் பெற்ற முதல் இந்தியர் அந்த அம்மையார்தாம். கொடியவனுக்குக் கவசம் அமைத்த கை, ஐந்தாண்டு கழித்துக் காந்தியாரின் கதைக்கும் உடை அமைத்தது. துணிக்கு ஏது அறம், ஏது மறம்?

கிடங்கில் கிடைத்ததைக் கொண்டு அவர்கள் செய்தார்களெனில், வீட்டில் கிடப்பதைக் கொண்டு நாம் செய்யலாகாதா? கடைகளில் ஆயத்தமாக விற்கிறார்கள். பணம் கொடுத்தால் பையில் போட்டுத் தருவார்கள். வாங்கிய முகமூடி அச்சத்தைக் கொண்டுவரும். செய்த முகமூடிதான் அச்சத்தைக் கொண்டுபோகும். ஆகவே காசு கொடுத்து வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

தலைக்கவசத்துக்கு வழி சொன்னவர், எமனென்று முகம் மாறிய அதே பாட்டிதான். மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் காகிதக்கூழ் பூசிப் பழகிய கை அது. பழைய செய்தித்தாள்களைக் கிழித்து மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்தார். ஊறிய வெந்தயத்தையும் சேர்த்து மைய அரைத்தார். வெந்தயம் ஒட்டுவதற்கு ஒட்டும், பூச்சியும் அண்டாது. பேத்தியின் தலையைவிடச் சற்றுப் பெரிய மண்பானையைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை விரலளவு கனத்துக்கு அப்பினர் இருவரும். நிழலில் இரண்டு நாள், வெயிலில் மூன்று நாள். பானையை விட்டுக் கழன்று வந்தபோது, உடையாத, கனக்காத, உரல்போல் உறுதியான ஒரு மண்டையோடு நம் கையில் இருந்தது. பிடரிப் பக்கம் விரிந்து இறங்கும் ஓரத்துக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அதன்மேலும் கூழ் பூசினோம்.

முகத்துக்கு அட்டையே போதுமானதாயிற்று. கன்னங்கள் சரிந்து கூடுமிடத்தில் முக்கோண வாய். அந்த வாய்க்குப் பழைய தேநீர் வடிகட்டியின் வலை. கண்ணுக்குத் திருவிழாக் கடையில் வாங்கிய கருப்புக் கண்ணாடி. காற்றோட்டத்துக்கு மூக்கின் கீழும் காதோரமும் தாராளமாகத் துளைகள். உட்புறம் முழுதும் பழைய பருத்திவேட்டித் துணி. வெளிப்புறத்துக்கு, சன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கருவண்ணம் இரண்டு பூச்சு. மார்பில் தொங்கும் பெட்டி, சவர்க்காரம் வந்த அட்டைப்பெட்டி. அதிலுள்ள விசைகள், சட்டைப் பொத்தான்கள்.

எஞ்சியது மேலங்கி. அதற்குத் துணி தேடியபோது, பரணிலிருந்து ஒரு குடையை எடுத்து வந்தார் நம் அன்னையார். நம் தந்தையார் கடைசியாகப் பிடித்த குடை. கம்பிகள் துருவேறி ஒடிந்திருந்தன. துணி மட்டும் கருப்பு மாறாமல் இருந்தது. "இதை வெட்டு" என்றார். நம் கை தயங்கியது. "வெட்டுடா, பரணில கிடந்து யாருக்கு நிழல் குடுக்கப் போவுது?" என்றார்.

வெட்டும்போது பேத்திக்கு அக்குடையின் வரலாற்றையும் உரைத்தார். தந்தையார் இளைஞராயிருந்த நாளில், எம் ஊரில் ஒரு தெரு இருந்தது. அத்தெருவில் எம்மவர் செருப்பணிந்து நடக்கலாகாது. குடை விரித்துச் செல்லலாகாது. கொட்டும் மழையிலும் குடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே போக வேண்டும். காலம் மாறியது; அவரைப் போன்றோர் மாற்றினர் என்பதே சரி. பிற்காலத்தில் மழை இல்லாத நாளிலும், வெயில் தாழ்ந்த மாலையிலும், அத்தெருவைக் கடக்கும்போது மட்டும் அவர் குடையை விரித்துக்கொண்டே நடப்பார். நனையாமலிருப்பதற்காக அன்று, நிமிர்ந்திருப்பதற்காக.

குழந்தை அந்தக் கருந்துணியை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

குடைத்துணி என்பது எட்டு முக்கோணங்கள் கூடிய வட்டம். ஒரு மூட்டைப் பிரித்து, நடுவில் கழுத்துக்கு வளைவு வெட்டினால், தோளிலிருந்து அலையலையாக விரியும் அங்கி தானாக வந்துவிடுகிறது. உயரம் போதாமல், கீழே ஒரு முழக் கருந்துணியைச் சேர்த்துத் தைத்தோம். தையல் இயந்திரத்தில் அமர்ந்தது நாம்; "கோணிப் போகுது" என்று அருகிலிருந்து திருத்தியது துணைவியார். தையல் பெண்களின் வேலை என்று எவரேனும் எண்ணினால், ஊர்க் கடைத்தெருவில் வரிசையாக அமர்ந்திருக்கும் தையற்காரர்களைப் பார்த்துத் தெளிவு பெறுவாராக.

எல்லாம் முடிந்து, முழுக்கோலத்தில் கண்ணாடி முன் நின்றாள் மகள். மூச்சுவிட்டாள். கூழ்க்கவசத்துக்குள் மூச்சு முட்டி எதிரொலித்தது. படத்திலும் இப்படித்தான், நீரில் மூழ்குவோர் பயன்படுத்தும் மூச்சுக்கருவியில் ஒலிவாங்கியை வைத்து, பென் பர்ட் என்னும் ஒலிக்கலைஞர் அம்மூச்சைப் பதிவு செய்தார். நாம் என்ன சொல்வாளோவென்று காத்திருந்தோம். கருங்கவசத்தின் உள்ளிருந்து குரல் வந்தது: "அப்பா, ஒரே வெந்தய வாசம்!"

விண்வெளியையே நடுங்க வைத்த கொடுங்கோலனிடம் வெந்தய வாசம்! வீடே சிரித்தது. அன்றிரவு அந்தப் படத்தை மீண்டும் பார்த்தாள். மூச்சொலி எழுந்தபோது விரல்கள் முகத்துக்குப் போகவில்லை. "மூஞ்சி ஒட்டின இடம் தெரியுதா பாரு" என்று பாட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் கேட்ட கேள்விக்கும் நாம் விடை சொல்ல வேண்டியிருந்தது. "நிஜமா உள்ள யாருப்பா இருந்தாங்க?"

உள்ளே ஒருவர் அல்லர், பலர். உடைக்குள் நடந்தவர் டேவிட் பிரவுஸ், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த எடைதூக்கும் வீரர், ஆறடி ஆறங்குலம், வெள்ளையர். 1980, 1983 படங்களில் வாட்போரின்போது உடைக்குள் இருந்தவர் பாப் ஆண்டர்சன் என்னும் வாள்வீரர். குரல் தந்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். மிசிசிப்பியில் பிறந்த கருப்பினத்தவர். 1983-ஆம் ஆண்டுப் படத்தில் முகமூடி கழற்றப்படும்போது தெரியும் முகமோ செபாஸ்டியன் ஷா என்னும் முதிய நடிகருடையது. வெளுத்து, சோர்ந்து, இரங்கத்தக்கதாயிருக்கும் முகம்.

இன்னும் கேளுங்கள். அந்தப் பிரவுஸ், அதே காலத்தில், பிரித்தானியக் குழந்தைகள் சாலையைப் பாதுகாப்பாகக் கடக்கக் கற்றுத்தரும் விளம்பரப் படங்களில் வெள்ளையும் பச்சையுமான உடையில் தோன்றிய அன்புத் தோழர். அந்தப் பணிக்காகவே 2000-ஆம் ஆண்டில் அரசின் விருது பெற்றார். அந்த ஜோன்ஸ், சிறுவயதில் திக்குவாய் காரணமாகப் பல ஆண்டுகள் அனேகமாகப் பேசாமலே இருந்தவர். பேச அஞ்சிய சிறுவனின் குரல்தான் பின்னாளில் உலகை அதட்டியது! நம் திரையிலும் எம்.என்.நம்பியார் இருந்தார்; கொட்டகையில் தாய்மார்கள் சபித்தனர்; வாழ்விலோ அவர் மதுவைத் தொடாதவர்.

ஆக, கொடியவன் எங்கே? உடையைக் கழற்றினால் ஒரு வீரர், ஒரு வாளாசான், ஒரு குரல், ஒரு கிழவர். வெள்ளையரின் உடலில் கருப்பினத்தவரின் குரல். இதில் தீமைக்கு எந்த நிறம் என்று சொல்வீர்கள்?

நம் மேடைகளும் திரைகளும் நெடுங்காலமாகச் சொல்லிவந்த விடை ஒன்று உண்டு. தேவனென்றால் நீலமும் பொன்னிறமும், அரக்கனென்றால் கரி. கதாநாயகிக்குச் சுண்ணாம்பு வெளுப்பு. அடியாளுக்கு மை, மரு, கழுத்தில் கைக்குட்டை. கறுத்த மக்கள் வாழும் நாட்டில், கறுப்பைக் கொடுமையின் முத்திரையாக்கி, அதைக் கறுத்த மக்களிடமே காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள்! அதன் விளைவுதான் பத்து வயதுக் குழந்தையின் கையில் பயற்றம்மாவு.

கருப்பு உடைக்கு இந்த மண்ணில் வேறு வரலாறும் உண்டு. இழிவைச் சுட்டவும் எதிர்க்கவும் கருஞ்சட்டை அணிந்தவர்கள் 1946-இல் மதுரையில் மாநாடு கூட்டினர். 1948-இல் அரசு கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்தது. படையும் துப்பாக்கியும் கொண்ட அரசு, பருத்திச் சட்டையைக் கண்டு அஞ்சியது! ஆடைக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த ஆற்றலை யார், எதற்கு அணிகிறார் என்பதே கேள்வி.

கொடியவர் உடையை வீட்டில் செய்து அணிவோர் உலகெங்கும் உள்ளனர். 1997-இல் அமெரிக்காவில் தோன்றிய '501-ஆவது லீஜன்' என்னும் அமைப்பினர், ஸ்டார் வார்ஸ் படங்களின் பேரரசுப் படையினர் உடைகளைத் தம் கையால் செய்து அணிகின்றனர். அணிந்துகொண்டு எங்கே போகிறார்கள்? மருத்துவமனைகளுக்கு, நோயுற்ற குழந்தைகளைச் சிரிக்கவைக்க; அறப்பணிக்கு நிதி திரட்ட. 2007-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் பசடீனா நகர ரோஜா ஊர்வலத்தில் லூகாஸின் முன்னிலையில் அணிவகுத்தும் சென்றனர். கொடுமையின் சீருடை, கனிவின் சீருடையாகிவிட்டது. உள்ளிருப்பவரின் உள்ளம் அதனை மாற்றிற்று.

குழந்தைகள் நாளும் வந்தது. நம் மகள் மேடையேறினாள். ராதைகளும் கண்ணன்களும் நிறைந்த அரங்கில், அந்தக் கரிய உருவம் மூச்சுவிட்டபடி நடந்தது. முன்வரிசை மழலையர் இருவர் அழத் தொடங்கினர். உடனே அவள் கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அழாதீங்க, உள்ள நான்தான். இது பேப்பர், இது வெந்தயம், இது எங்க தாத்தா குடை" என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினாள். அழுதவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தனர். நடுவர் கொடுத்த பரிசு வேறொரு குழந்தைக்குப் போயிற்று; அதனைப் பற்றி வீட்டில் எவரும் பேசவில்லை.

பேசியது மற்றொன்றைப் பற்றி. நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்றனர், அந்தக் கவசத்தை ஒருமுறை போட்டுப் பார்ப்பதற்காக. சென்ற ஆண்டு அரசியாக நடித்தவளும் நின்றாள். தோழியர் நால்வரும் நின்றனர். சிவந்தவர், மாநிறத்தவர், கறுத்தவர் என்று எல்லாத் தலைக்கும் அது பொருந்தியது. போட்டவர் அனைவரும் ஒரே கருப்பாய் நின்றனர். கழற்றியவர் அனைவரும் ஒரே வேர்வையாய் நின்றனர். "எல்லாருக்கும் சரியா இருந்துச்சுப்பா" என்று நம் மகள் சொன்னபோது, நூறு சொற்பொழிவுகள் சொல்ல முனைந்ததை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. பயற்றம்மாவு டப்பா இப்போது சமையலறைக்குத் திரும்பிவிட்டது, முறுக்குக்குப் பயன்படுகிறது.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! மாறுவேடப் போட்டி வேண்டாமென்று நாம் கூறவில்லை. நிறம் பார்த்து வேடம் கொடுக்காதீர்கள் என்கிறோம். குழந்தை கொடியவன் உடை கேட்டால் பதறாதீர்கள். பழைய செய்தித்தாளையும் பசையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமருங்கள். அச்சுறுத்தும் முகம் எப்படி வரையப்படுகிறது, எதைக் கொண்டு ஒட்டப்படுகிறது, எங்கே தையல் போடப்படுகிறது என்பதை அக்குழந்தை தன் விரலால் அறியட்டும். நாளை பட்டும் முடியும் அணிந்து ஒருவன் வந்து பணியச் சொன்னாலும், காவியும் கமண்டலமும் ஏந்தி ஒருவன் வந்து அடங்கச் சொன்னாலும், அந்தக் கண்கள் முதலில் தையலைத் தேடும். தையலைக் கண்ட கண் தாழாது.